சண்டைக் கலைஞர் கதை எழுத வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு ஆண்டுகள் திரைப்படங்களில் டூப் போட்டுவிட்டு, இடது முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு கதை எழுத உட்கார்ந்தவன் நான். என் கதைகள் சில அச்சானதும், தொழிலில் உடன் இருந்தவர்களும் எனக்குப் பின் வந்தவர்களும் தங்கள் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். பிரதிகள் வெவ்வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

எனக்கு உடம்புதான் மூலதனம், படிப்பு குறைவு. நான் எழுதினால் அது கதையாகுமா?

ஆகும். எழுத்துக்குத் தேவையான முக்கியமான பழக்கம் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு செயலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சண்டைக் கலைஞரும் மாடியிலிருந்து குதிப்பதில்லை. எந்தக் கால் முதலில் நகர வேண்டும், பார்வை எங்கே நிலைக்க வேண்டும், உடம்பை எப்போது திருப்ப வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்று மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகே கால் விளிம்பைத் தாண்டுகிறது. ஒரு காட்சியை எழுதுவதற்கும் அதே பொறுமைதான் வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தர ஆட்கள் உண்டு. குதிப்பதற்கு முந்தைய கணத்தில் பாதத்துக்கு அடியில் பலகை எப்படி நெளிந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தர யாரும் இல்லை.

கை ஓடவில்லை என்றால் முதலில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதைக் கேட்டு எழுதும்போது, பேச்சில் கலந்திருந்த வீறாப்பு தானாகவே காதில் உறுத்தும். அதை நீக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நடந்ததை அப்படியே சுயசரிதையாக எழுதிவிடலாமே, எதற்காகக் கதையாக்க வேண்டும்?

சுயசரிதை எழுத விரும்புகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் நம் தொழிலில் பார்த்த பலவற்றைச் சொந்தப் பெயரோடும் பிறர் பெயரோடும் எழுத முடிவதில்லை. ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருக்கலாம். உடன் வேலை பார்த்தவர் இன்னும் அதே தொழிலை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்கலாம். காயத்தை மறைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனவர், அது வெளியே தெரிவதை விரும்பாமல் இருக்கலாம். புனைவில் ஆளை விட்டுவிட்டு நிகழ்வின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சுயசரிதை எழுதும் சண்டைக் கலைஞர் தன்னையறியாமல் சாதனைப் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார். இந்தப் படத்தில் இவ்வளவு உயரம், அந்தப் படத்தில் இத்தனை தையல் என்று பக்கங்கள் நிறைகின்றன. கதை என்று வந்துவிட்டால் ஒரு நாளையோ ஒரு மனிதரையோ மட்டும் எடுத்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயம் நமக்கு நல்லது.

எங்கிருந்து தொடங்குவது? நான் செய்ததிலேயே பெரிய சாகசத்திலிருந்தா?

பெரும்பாலான பிரதிகள் அப்படித்தான் தொடங்குகின்றன, பெரும்பாலானவை அங்கேயே தோற்கின்றன. கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 2 நொடி. கீழே வந்து சேரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். அந்த 2 நொடியை மூன்று பக்கங்களுக்கு இழுத்தால் படிப்பவருக்குச் சலிப்பு, மூன்று வரியில் முடித்தால் உங்களுக்கு ஏமாற்றம். விழுவதைக் காட்டுவதில் திரையோடு எழுத்து போட்டி போட முடியாது. ஆனால் திரை காட்டும் அந்த 2 நொடிக்காக ஒரு முழுக் காலைப்பொழுது செலவாகியிருக்கிறது. அதைப் படத்தொகுப்பாளர் வெட்டி எறிந்துவிட்டார். எறிந்ததெல்லாம் உங்களுக்குத்தான் கிடக்கிறது.

எனவே காத்திருப்பிலிருந்து தொடங்குங்கள். உடைக்கு உள்ளே முழங்கை உறையைக் கட்டுவது, அதன் விளிம்பு வெளியே தெரிகிறதா என்று உடை உதவியாளர் குனிந்து பார்ப்பது, வெளிச்சம் சரியில்லை என்று இரண்டு மணி நேரம் தள்ளிப் போவது, அதுவரை உடம்பு குளிர்ந்துவிடாமல் இருக்க ஒரு மூலையில் குதித்துக்கொண்டே இருப்பது ஆகியவற்றில்தான் பயம் குடியிருக்கிறது. குதிக்கும்போது பயப்பட நேரம் கிடைப்பதில்லை என்பதைத் தொழிலில் இருந்த எல்லோரும் அறிவார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

தொழிலுக்குரிய விவரங்களை எவ்வளவு சொல்லலாம்? சொன்னால் புரியவில்லை என்கிறார்கள், விட்டுவிட்டால் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

ஒரு காட்சிக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். ரோப், கப்பி, இடுப்புக் கச்சை, காற்று மெத்தை, அட்டைப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடுக்கினால் அது கிடங்கு இருப்புக் கணக்காகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்து, அதை யாராவது கையாளும்படி செய்யுங்கள்.

அட்டைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வெறும் பெட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை விரித்து, அதில் விழுவது பழைய முறை, இன்றும் கைவிடப்படவில்லை. பெட்டி ஒவ்வொன்றும் நசுங்கும்போது விழுபவரின் வேகத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறது. இதைப் பாடமாகச் சொல்லாமல் நான் ஒரு கதையில் இப்படி எழுதினேன்: "அவன் அடுக்கைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தான். மூன்றாவது வரிசையில் ஒரு பெட்டியின் மூலை ஈரத்தில் நைந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினான். மேலே நின்றவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான்." பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று இதில் எங்கும் விளக்கம் இல்லை. ஆனால் மூலை நைந்த பெட்டி ஆபத்தானது என்பதும் மேலே நிற்பவன் அஞ்சுகிறான் என்பதும் எல்லோருக்கும் புரிந்தது.

வழக்குச் சொற்களைப் பொறுத்தவரை, டூப், டேக், ரோப், டைமிங் போன்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். அவற்றுக்குத் தூய மாற்றுச் சொல் தேடிப் போட்டால், படப்பிடிப்புத் தளத்தில் யாருமே பேசாத மொழியில் உங்கள் பாத்திரங்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சண்டையை எழுதினால் 'அவன் அடித்தான், இவன் தடுத்தான்' என்று பட்டியல் போலவே வருகிறது. என்ன செய்வது?

சண்டைப் பயிற்சியாளர் ஒவ்வோர் அடியையும் எண்ணிச் சொல்லித் தருவதால் நம் மனத்தில் சண்டை எண்களாகவே பதிந்திருக்கிறது. அதையே தாளில் இறக்கினால் பட்டியல்தான் வரும். வாசகருக்கு எத்தனையாவது அடி என்பது பொருட்டல்ல. இந்த அடிக்குப் பிறகு இருவருக்கும் இடையே எது மாறியது என்பதே அவருக்கு வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அந்த அடி கதைக்கு வேண்டாம்.

படப்பிடிப்புச் சண்டையை எழுதுகிறவருக்கு, தெருச் சண்டையை எழுதுகிறவருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. கேமராவில் முகத்தில் விழுவதுபோலத் தெரியும் குத்து, உண்மையில் முகத்துக்கு முன்னால் இடைவெளி விட்டுக் கடந்து போகிறது. கேமரா நிற்கும் கோணம் அந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது. குத்தை நம்ப வைப்பவர் குத்தியவர் அல்லர். சரியான நொடியில் தலையை வெட்டித் திருப்பி வாங்கிக்கொள்பவர். ஆக, ஒருவரையொருவர் கொல்லத் துடிப்பதாகத் தெரியும் இரண்டு பேர், உண்மையில் ஒருவர் மூச்சை மற்றவர் எண்ணிக்கொண்டு, கண்ணால் அனுமதி கேட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். இப்படி இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் நம் தொழிலின் தனி ருசி. அந்த இருவருக்கும் வெளியே ஏதோ மனக்கசப்பு இருந்து, அன்று கண் அனுமதி கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஓர் அடி போதும், பட்டியல் தேவைப்படாது.

உடம்பில் உணர்ந்ததை எப்படிச் சொல்லில் கொண்டுவருவது? 'வலித்தது' என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

வலி என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கணத்தில் நீங்கள் எதிர்பாராதது எது என்று தேடுங்கள். உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஓடும் காட்சியை எழுதச் சொன்னால் புதியவர்கள் எல்லோரும் வெப்பத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்த வேலையைச் செய்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது குளிர். தீ பிடிக்காத துணி அடுக்குகளையும் தோலையும் பாதுகாக்கப் பூசும் களிம்பு ஈரமாக, சில்லென்று இருக்கும். தீ வைப்பதற்கு முன்னால் பற்கள் கிட்டித்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். கொளுத்தப்படுவதற்காகக் காத்திருக்கும் ஒருவர் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார் என்ற ஒரு வரி, வெப்பத்தைப் பற்றிய ஒரு பக்கத்தைவிட அதிகம் செய்யும்.

அடுத்தது மூச்சு. எரியும்போது உள்ளிழுத்துவிட்டால் சுவாசப் பாதை வெந்துவிடும் என்பதால், அந்தக் காட்சி முழுவதும் ஒரே மூச்சின் நீளம்தான். போதும், அணைத்துவிடுங்கள் என்பதற்குக் குப்புறப் படுத்துவிடுவது வழக்கமான சைகை. அப்போது வாய் திறந்து கத்த முடியாது. கத்துவது போல நடித்துக்கொண்டிருப்பவர், உண்மையாகவே உதவி தேவைப்படும்போது கத்த முடியாமல் படுக்கிறார். இத்தகைய விவரம் உங்களிடம் நூறு இருக்கும். பழகிப்போனதால் அவை விவரங்கள் என்றே உங்களுக்குத் தோன்றுவதில்லை.

கதையில் யாரை மையமாக வைப்பது? நான் டூப் போட்டவன். என் முகமே எங்கும் வராது.

முகம் வராமல் இருப்பதுதான் உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த கதைப்பொருள் என்பது என் கருத்து. மற்ற கலைஞர்கள் தங்களைக் காட்டக் கற்றுக்கொள்கிறார்கள். டூப் போடுபவர் தன்னை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். தாடையைத் தோளோடு ஒட்டிக்கொள்வது, எந்தப் பக்கம் விழுந்தால் முடி முகத்தை மூடும் என்று கணக்கிடுவது, நன்றாக விழுந்தும் முகம் தெரிந்துவிட்டதால் மீண்டும் ஒருமுறை ஏறிக் குதிப்பது எல்லாம் அந்தக் கல்வியின் பகுதிகள். கூடவே இன்னொருவரின் நடையை, தோள் சாய்வை, திரும்பும் விதத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நான் பல ஆண்டுகள் ஒரே நடிகருக்கு டூப் போட்டேன். அவருக்கு வலது காலைச் சற்று இழுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. தொழிலை விட்ட பிறகு ஒருநாள் நான் வாசலில் நடந்து வருவதைப் பார்த்த என் மகள், "இது யாருடைய நடை அப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் என் முதல் கதை வந்தது.

தன்மையில் எழுதினால் அந்த மறைந்த முகத்துக்கு ஒரு குரல் கிடைக்கும். ஆனால் விழும் தருணங்களில் எல்லாம் தெரிந்தவர் போலப் பேசும் ஆபத்து உண்டு. படர்க்கையில் எழுதினால் கீழே நிற்கும் ரோப் உதவியாளரின் கண்ணாலும் காட்சியைப் பார்க்கலாம். கயிற்றைப் பிடித்திருப்பவரின் பயம், கயிற்றில் தொங்குபவரின் பயத்தைவிடச் சில சமயம் பெரியது. அவரை மையமாக வைத்து எழுதப்பட்ட பிரதி இதுவரை என் கைக்கு வரவில்லை.

ஒரு வேண்டுகோள்: நடிகரை வில்லனாக்கும் கதைகளே எனக்கு அதிகம் வருகின்றன, அவை பாதியிலேயே சலித்துவிடுகின்றன. கைதட்டல் ஒருவருக்கும் காயம் இன்னொருவருக்கும் போவது அநியாயம்தான். ஆனால் அந்த இருவருக்கும் இடையே இருக்கும் உறவு வெறுப்பைவிடச் சிக்கலானது. தன் பெயரில் விழுந்த உடம்பில் எங்கே கன்றியிருக்கிறது என்று பார்க்க வரும் நடிகரும் உண்டு. பார்க்கத் துணியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் உண்டு. இரண்டாமவரை எழுதிப் பாருங்கள்.

நான் பெண். சண்டைக் கதை என்றால் ஆண் பெயரில் எழுதினால்தான் எடுபடும் என்கிறார்களே?

அந்த அறிவுரையைக் கேட்க வேண்டாம். பெண் சண்டைக் கலைஞரின் வேலையில் ஆண்களுக்கு இல்லாத கடினம் ஒன்று வெளிப்படையாகவே இருக்கிறது. கதாநாயகியின் உடை மெல்லியதாகவோ கை கால் தெரியும்படியோ இருந்தால், உள்ளே பாதுகாப்பு உறை வைக்க இடமே இருக்காது. கோட்டு அணிந்த ஆண் உறைகளோடு உருளும் அதே படிக்கட்டில் அவர் வெறும் தோலோடு உருள வேண்டும். போதாக்குறைக்கு, ஆண்களுக்கே பெண் முடி வைத்து அந்த வேலையைக் கொடுத்துவிடும் பழக்கமும் பல திரைத்துறைகளில் நெடுநாள் இருந்தது. தன் வேலைக்குத் தன்னைவிட உயரமான ஒரு ஆண் பொய்முடியோடு வந்து நிற்பதைப் பார்க்கும் பெண்ணின் காட்சியை எந்த ஆண் எழுதினாலும் பாதிதான் வரும்.

பெயரை மாற்றிவிட்டால் நிஜ மனிதர்களைப் பற்றி எழுதலாம் அல்லவா?

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. படிப்பவர் 'இது இன்னார்' என்று அடையாளம் கண்டுகொள்ள முடியுமானால், அந்த நபர் அவதூறு என்று புகார் சொல்ல இடம் இருக்கிறது. 'இக்கதையில் வருபவர்கள் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் போடும் வரி எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் கவசம் அன்று. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உறுத்தலான பகுதி ஏதாவது இருந்தால் வெளியிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. நீங்கள் கையெழுத்திட்ட பழைய ஒப்பந்தங்களில் ரகசியம் காக்கும் விதி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் கண்ணோட்டத்திலும் ஒட்டுமொத்தமாக ஒருவரைத் தூக்கி வைப்பது பலன் தருவதில்லை. நான் ஒரு மாஸ்டரிடமிருந்து கோபத்தையும், இன்னொருவரிடமிருந்து கயிற்றைத் தானே இழுத்துப் பார்க்காமல் யாரையும் ஏற்றாத பிடிவாதத்தையும், மூன்றாவதாக மருத்துவமனை வாசலில் நின்ற ஒருவரின் மௌனத்தையும் எடுத்து ஒரே பாத்திரமாக்கினேன். அந்தப் பாத்திரத்தைப் படித்த மூவரில் இருவர், 'அந்த இன்னொருவரைத்தானே எழுதியிருக்கிறாய்' என்று கேட்டார்கள்.

படப்பிடிப்பில் இறந்துபோன நண்பரைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், அவசரப்படாமல். குடும்பத்தாரிடம் முன்கூட்டிச் சொல்வது சட்டத்துக்காக அன்று. புத்தகத்தை ஒரு கடையில் தற்செயலாகப் புரட்டி அவர்கள் அந்தப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக. அவர்கள் வேண்டாம் என்றால், மரணத்தை விட்டுவிட்டு அவரோடு இருந்த நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடங்களை நீங்கள் நேரில் பார்த்திருந்தாலும், அவற்றை விரிவாக வர்ணிப்பது இறந்தவரை மீண்டும் ஒரு டேக் எடுக்க வைப்பது போல எனக்குத் தோன்றுகிறது.

விபத்துகளை எழுதுவோர் பெரிய காட்சியில்தான் மரணம் வரும் என்று வைத்துக்கொள்கிறார்கள். தார் ராபின்சன் என்ற அமெரிக்கச் சண்டைக் கலைஞர் டொராண்டோவின் சிஎன் கோபுரத்திலிருந்து குதித்தவர், உயரத்திலிருந்து விழுவதில் பெயர் பெற்றவர். 1986இல் அவர் உயிரிழந்தது மோட்டார் சைக்கிள் ஓட்டி வரும் ஒரு காட்சியில். வளைவில் வண்டி பாதையை விட்டு வெளியேறிவிட்டது. பெரிய காட்சிக்கு எல்லோரும் விழிப்போடு இருக்கிறார்கள். சின்ன ஷாட்டுக்கு, உணவு இடைவேளைக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார்கள். கதையில் ஆபத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நான் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் படித்தவர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்களே!

நடந்தது என்பது கதைக்குள் சாட்சியாகாது. மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1928இல் ஒரு படத்துக்காக, முழு வீட்டின் முகப்புச் சுவர் தன்மேல் சாய்ந்து விழ, திறந்திருந்த ஜன்னலின் இடைவெளி தன் உடம்பைச் சூழ்ந்து இறங்கும்படி அசையாமல் நின்றார். படச்சுருள் இருப்பதால் நம்புகிறோம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியபோது கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டது. பல ஆண்டுகள் கழித்து மருத்துவர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. இரண்டாவதை ஒரு பாத்திரத்துக்கு நேர்ந்ததாக எழுதினால், யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்ப வைக்க வேண்டுமானால் விதையை முன்பே போட வேண்டும். அந்தப் பாத்திரம் விழுந்த நாளில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் படுக்கப் போகட்டும். ஓராண்டு கழித்து, பின்னால் யாரோ கூப்பிட்டதும் கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கட்டும். மனைவி அதைக் கவனிக்கட்டும், கேட்காமல் விடட்டும். பிறகு மருத்துவர் சொல்லும்போது வாசகர் 'அதுதானே' என்பார்.

பலமுறை தலையில் அடிபட்டதால் பல விஷயங்கள் நினைவில் குழம்புகின்றன. தெளிவில்லாத நினைவை வைத்து எப்படி எழுதுவது?

முதலில் ஒரு விலகல்: குழப்பம் கூடிக்கொண்டே போனால் எழுத்தைத் தள்ளி வைத்துவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மீண்டும் மீண்டும் தலையில் படும் அடிகள் நாளடைவில் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. 'நம் தொழிலில் இது சகஜம்' என்று தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கு வருவோம். ஒரு தாளில் உங்கள் உடம்பின் உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து, தழும்பு இருக்கும் இடங்களில் எண் போடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அது எப்படி வந்தது என்பதை ஒரு வரியிலும், அன்று உடன் இருந்தவர் யார் என்பதை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். மனம் மறந்ததைத் தோல் வரிசையாக வைத்திருக்கும். என் வலது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்புக்கு எதிரே எதுவும் எழுத முடியவில்லை. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. அந்த வெற்று வரியை நிரப்ப முயலாமல், அதை ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்தேன். தன் தழும்பு எங்கிருந்து வந்தது என்று பழைய நண்பர்களிடம் கேட்டுக்கொண்டு அலைகிற பாத்திரம். ஒவ்வொருவரும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். புனைவில் மறதி குறை ஆகாது.

என் கதையைப் படித்துவிட்டு இளைஞர்கள் வீட்டு மாடியிலிருந்து குதித்தால்?

நியாயமான கவலை. செய்முறையாகப் பயன்படக்கூடிய அளவுகள் எதையும் நான் எழுதுவதில்லை. எத்தனை வரிசைப் பெட்டி, எந்தக் களிம்பு, எவ்வளவு நொடி என்று சொல்லாமலே காட்சி நிற்கும் என்பதைப் பெட்டிகளைப் பற்றிய பதிலிலேயே பார்த்தோம். கூடவே, ஒருவர் விழுவதற்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கதையில் காட்டுங்கள். தனியாக யாரும் இதைச் செய்வதில்லை என்பது அறிவுரை சொல்லாமலே மனத்தில் பதியும்.

எல்லாம் கணினியில் செய்கிறார்கள். பழைய தொழிலின் கதையை இனி யார் படிப்பார்கள்?

கணினி வந்ததால் சண்டைக் கலைஞர் காணாமல் போகவில்லை. கயிற்றைப் பிறகு அழித்துவிடலாம் என்பதால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் தொங்கியவர் இன்று தடித்த கயிற்றில் பாதுகாப்பாகத் தொங்குகிறார். அவ்வளவுதான், தொங்குவது இன்னும் மனித உடம்பே. அங்கீகாரமும் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. ஆஸ்கர் விழா தொடங்கியது 1929இல். சண்டைக் கலைஞர்களான யகிமா கனட்டுக்கு 1967இலும் ஹால் நீதமுக்கு 2012இலும் கௌரவ விருது கிடைத்ததைத் தவிர, சண்டை வடிவமைப்புக்கு அங்கே தனிப் பிரிவே இல்லாதிருந்தது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து அதற்குத் தனி விருது உண்டு என்று 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள்.

ஆனால் வாசகர் விருதுக்காகவோ தொழில்நுட்பத்துக்காகவோ கதை படிப்பதில்லை. பிறருக்காக அடி வாங்கிப் பிழைக்கும் ஒருவரின் வீட்டில் இரவு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் கணினியால் தீர்வதில்லை.

ஒருவர் என் பெயரில் அவரே எழுதித் தருகிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

டூப் போட்டுப் பிழைத்தவருக்கு எழுத்தில் ஒரு டூப் என்ற வேடிக்கையை நீங்களும் கவனித்திருப்பீர்கள். தவறில்லை. ஆனால் அவருடைய பெயர் அட்டையில் வருமா, வருவாய் எப்படிப் பிரியும், நீங்கள் சொன்ன செய்திகள் பதிவு நாடாவில் யாரிடம் இருக்கும் என்பவற்றைத் தொடங்கும் முன்னரே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி நீங்களே கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. பெயர் வராத வேலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

எப்படி முடிப்பது? மரணம் அல்லது ஓய்வு, இரண்டில் ஒன்றில்தான் என் கதைகள் எல்லாம் முடிகின்றன.

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது, நானும் இதில் மாட்டிக்கொண்டவன்தான். நான் தப்பித்த ஒரே வழியைச் சொல்கிறேன். சாகசம் முடிந்ததும் மாஸ்டர் 'கட்' என்பார். விழுந்தவர் கையை உயர்த்தி நலம் என்று காட்டும் வரை தளத்தில் யாரும் பேச மாட்டார்கள், இரண்டு மூன்று நொடி ஆகும். நான் எழுதிய ஒரு கதையை, கை உயர்வதற்கு முன்னால் நிறுத்தினேன். இன்னொன்றை, கை உயர்ந்து எல்லோரும் கைதட்டிய பிறகு, 'முகம் தெரிந்துவிட்டது, இன்னொரு முறை போகலாமா' என்று கேமரா பக்கமிருந்து வரும் கேள்வியோடு நிறுத்தினேன். இரண்டாவதைத்தான் இன்றும் பிடிக்கிறது.

எழுதி முடித்ததை முதலில் யாரிடம் காட்டுவது?

இருவரிடம் காட்டுங்கள். ஒருவர் தொழிலில் இருப்பவராக, முடிந்தால் ரோப் கட்டுபவராக இருக்கட்டும். முடிச்சைத் தவறாக எழுதியிருந்தால் அவர் ஒரு வரிகூட விடமாட்டார். மற்றவர் படப்பிடிப்பையே பார்த்திராதவராக இருக்கட்டும். அவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பென்சிலைக் கொடுத்து, சலித்து நிறுத்திய இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். என் முதல் பிரதியில் அந்தக் கோடு ஏழாம் பக்கத்தில், 22 மீட்டர் உயரத்திலிருந்து நான் குதித்ததைப் பெருமையோடு விவரித்திருந்த இடத்தில் இருந்தது.